ஒருவர் வகித்த பதவிகள் வழியே ஒரு குடிமையியல் பாடம்

எட்டாம் வகுப்பில் மாநில அரசு பற்றிய பாடத்தை நடத்தும்போது ஆளுநர், அமைச்சரவை, சட்டமன்றம் என்று மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால், "அமைச்சர் நினைத்தால் எதையும் செய்யலாமா?" என்று கேட்டால், பெரும்பாலோர் "செய்யலாம் சார்" என்கிறார்கள். அதிகாரத்திற்கு எல்லை உண்டு என்பதை உணர்த்த, சி. சுப்பிரமணியம் அவர்களின் பொதுவாழ்வை நான் பாடப்பொருளாக எடுத்துக்கொண்டேன். மூன்று பாடவேளைகள் போதும்.

செயல்பாடு 1: யார் கொடுத்த பதவி?

கரும்பலகையில் காலக்கோடு வரைகிறோம். 1910-இல் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறப்பு. சென்னையில் இயற்பியலும் சட்டமும். 1936-இல் கோவையில் வழக்கறிஞர். 1942 போராட்டத்தில் சிறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சர். 1962-இல் மக்களவை உறுப்பினர், மத்திய அமைச்சர். 1990-இல் மகாராஷ்டிர ஆளுநர். 1998-இல் பாரத ரத்னா. ஒவ்வொரு பதவிக்கும் எதிரே, அது வாக்காளர் தந்ததா, நியமனமா என்று குழுக்கள் எழுத வேண்டும். சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், ஆளுநர் ஆகியோருக்குள்ள வேறுபாடு இதிலேயே தெளிவாகிவிடுகிறது.

செயல்பாடு 2: வகுப்பறை வழக்கு

ராஜாஜி அமைச்சரவையில் சுப்பிரமணியம் இடம்பெற்றிருந்தார். 1953-இல் அந்த அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்திற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் கட்சித் தலைமைக்கான போட்டியில் அவர் காமராசரிடம் தோற்றார். ஆயினும் காமராசர் அவரை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கல்வி அமைச்சராக, அதே திட்டம் கைவிடப்பட்டதைச் சட்டமன்றத்தில் அறிவித்தவரும் அவரே. "இது முரண்பாடா, மக்கள் கருத்துக்குத் தந்த மதிப்பா?" இரு அணிகளாகப் பிரிந்து மாணவர்கள் வாதிடட்டும். "சட்டசபையில கேள்வி கேட்பாங்கல்ல சார், அமைச்சர் பதில் சொல்லித்தானே ஆகணும்" என்றாள் ஒரு மாணவி. கூட்டுப்பொறுப்பை விளக்க அதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது கல்வியும் நிதியும் அவர் பொறுப்பில் இருந்ததையும் சேர்த்துச் சொல்லலாம்.

செயல்பாடு 3: உத்தரவா, சான்றா?

1964-இல் அவர் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர். நாடு அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம். குட்டைரகக் கோதுமையைப் பரப்ப அறிவியலாளர்கள் விரும்பினர். "மத்திய அமைச்சர் உத்தரவு போட்டிருக்கலாமே?" என்று மாணவர்கள் கேட்பார்கள். வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மாநிலங்களையும் உழவர்களையும் இணங்க வைக்கத்தான் முடியும். எனவே உழவர்களின் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் அமைக்கப்பட்டன. டெல்லியில் தம் அரசு இல்லத்தின் புல்வெளியிலும் அவர் கோதுமை விதைத்தார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. சான்றைக் காட்டி வாதத்தை நிலைநாட்டும் வழக்கறிஞரின் வழி இது என்றால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. கல்வியும் அன்று மாநிலப் பட்டியலில்தான் இருந்தது; 1976-இல் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாறியது என்பதையும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

மதிப்பீடு

1967 தேர்தலில் சுப்பிரமணியம் தோற்றார். 1968-இல் கோதுமை விளைச்சல் அதுவரை இல்லாத அளவு உயர்ந்தபோது அவர் அமைச்சராக இல்லை. "நல்ல பணி செய்தவரை மக்கள் தோற்கடிக்கலாமா?" இதற்கு ஒரு பக்கத்தில் விடை எழுதச் சொல்லுங்கள். சரி, தவறு என்று மதிப்பெண் இட வேண்டாம். காரணம் காட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். நாளை வாக்களிக்கப்போகும் பிள்ளைகளுக்குப் பதவிகளின் பெயர்களைவிட அந்தப் பழக்கமே தேவை.