உங்கள் எம்.பி. என்ன வேலை செய்கிறார்? சிப்காட் தொழிலாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டைகளில் ஷிப்டுக்குப் போகும் ஒருவரை எப்போது ஆட்குறைப்பு செய்யலாம், அவருடைய சங்கத்துக்கு எப்போது அங்கீகாரம் உண்டு என்பவற்றை நாடாளுமன்றச் சட்டங்களே தீர்மானிக்கின்றன. அந்தச் சட்டங்கள் வரும்போது நாம் தேர்ந்தெடுத்தவர் என்ன செய்தார்? தொலைக்காட்சியில் தெரியும் முன்வரிசைத் தலைவர்களைப் பற்றிச் செய்தி வந்துவிடும். பின்வரிசையில் அமர்ந்திருப்பவரைப் பற்றி நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். தேடுவது கடினமில்லை. ஒரு செல்போனும் ஒரு வார விடுமுறை நாளும் போதும்.

படி 1: யாரைப் பார்க்க வேண்டும்?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. 2014-இல் இங்கே வென்றவர் அ.தி.மு.க.வின் கே.என்.ராமச்சந்திரன். 2009, 2019, 2024 தேர்தல்களில் வென்றவர் தி.மு.க.வின் டி.ஆர்.பாலு. வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு ஓட்டு சொந்த ஊரில் இருக்கும். அப்படியானால் இரண்டு பேரைக் கவனியுங்கள்: நீங்கள் ஓட்டுப் போட்டவர், உங்கள் ஆலை இருக்கும் தொகுதியின் உறுப்பினர்.

sansad.in என்ற முகவரியில் வரும் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைத் தேடினால் அவர் கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், இடம்பெற்ற குழுக்கள் எல்லாம் கிடைக்கும்.

படி 2: எந்த ஓட்டு பதிவாகும், எது ஆகாது?

பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம்', 'இல்லை' என்ற சத்தத்தை வைத்து அவைத்தலைவர் முடிவை அறிவிப்பார். யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாகாது. உறுப்பினர்கள் அந்த முடிவை ஏற்காமல், ஓட்டுகளை எண்ணிப் பார்க்கும் 'டிவிஷன்' கேட்டு, அது நடந்தால் மட்டுமே ஒவ்வொருவரின் ஓட்டும் அவைக் குறிப்பில் பெயரோடு ஏறும். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இப்படி எண்ணிப் பார்ப்பது கட்டாயம். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஆதரவாக 454 பேரும் எதிராக 2 பேரும் வாக்களித்தது இப்படித்தான் தெரியவந்தது. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா 288-க்கு 232 என்ற கணக்கில் நிறைவேறியதும் டிவிஷனில்தான்.

நம்மை நேரடியாகத் தொடும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு உள்ளிட்ட மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2020 செப்டம்பர் 22 அன்று மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் பலவும் அவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. அந்த நாளின் ஓட்டுப் பட்டியலைத் தேடினால் கிடைக்காது. அப்படி ஒன்று இல்லவே இல்லை.

படி 3: கொறடா உத்தரவை மறக்காதீர்கள்

1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டவரை அவருடைய கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். ஆகவே அவையில் போடும் ஓட்டு, கட்சியின் முடிவைத்தான் பெரும்பாலும் காட்டும். உறுப்பினரின் சொந்த உழைப்பை அறிய வேறிடம் போக வேண்டும்.

படி 4: நிலைக்குழுவுக்குள் நுழையுங்கள்

அந்த இடம், மசோதாக்களை ஆராய்ந்து அறிக்கை தரும் நிலைக்குழு. துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என மொத்தம் 31 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. கொறடா உத்தரவும் இங்கே செல்லாது. கூட்டம் மூடிய அறையில் நடக்கும், ஆனால் அறிக்கை வெளியாகும். வாகன உற்பத்தியைக் கவனிக்கும் கனரகத் தொழில் துறையும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறையும் தொழில்துறை நிலைக்குழுவின் கீழ் வருகின்றன. 2024-இல் அதன் தலைவரானவர் தி.மு.க.வின் திருச்சி சிவா. இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய குழுக்கள் இரண்டு: இதுவும் தொழிலாளர் நிலைக்குழுவும்.

படி 5: ஓர் அறிக்கையைப் படித்துப் பழகுங்கள்

தொழிலுறவுத் தொகுப்பு மசோதா பற்றி 2020 ஏப்ரலில் தொழிலாளர் நிலைக்குழு கொடுத்த அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டப்படி 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2019 மசோதாவிலும் 100 என்றே இருந்தது, அதை அறிவிக்கை மூலம் மாற்றிக்கொள்ளும் வசதியோடு. ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் 300 ஆக்கியிருப்பதைச் சுட்டிக்காட்டிய குழு, அந்த எண்ணைச் சட்டத்திலேயே உயர்த்திவிடலாம் என்று பரிந்துரைத்தது. நிறைவேறிய சட்டத்தில் 300 என்று வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கார் ஆலைக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனியில் 150 பேரில் ஒருவராக நிற்பவருக்கு எல்லாமே மாறிவிட்டது.

அறிக்கையின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் யார் வந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் அங்கே இருக்கும். குழுவின் முடிவை ஏற்காதவர்கள் எழுதிக் கொடுத்த மாற்றுக்கருத்துக் குறிப்பும் இருக்கும். இந்த மசோதாவுக்கு அப்படி எழுதியவர்களில் ஒருவர் கேரளத்தின் சி.பி.எம். உறுப்பினர் எளமரம் கரீம். அவை ஓட்டுப் பட்டியல் தராத விடையை இந்தப் பக்கங்கள் தரும்.

படி 6: எண்ணிக்கையை அளவோடு நம்புங்கள்

பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் வருகைச் சதவீதம், கேள்வி எண்ணிக்கை கிடைக்கும். வருகைக் கையெழுத்து, அன்றைக்கு அவர் வந்தார் என்பதை மட்டுமே சொல்லும். நானூறு கேள்வி கேட்டவர் என்பதைவிட, எதைப் பற்றிக் கேட்டார் என்பதே முக்கியம். ஒப்பந்தத் தொழிலாளர், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, விபத்துப் பாதுகாப்பு ஆகிய சொற்களைப் போட்டுத் தேடுங்கள். அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை என்பதால் அவர்களோடு ஒப்பிடாதீர்கள்.

படி 7: ஒரே தாளில் எழுதி, நேரில் கேளுங்கள்

பெயரோடு பதிவான ஓட்டுகள், இடம்பெற்ற குழு, வந்த கூட்டங்கள், எழுதிய மாற்றுக்கருத்து, தொழிலாளர் குறித்துக் கேட்ட கேள்விகள் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள். உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கடிதமாக அனுப்பி விளக்கம் கேளுங்கள்.

தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சியின் வேலை. சட்டத்தை வரி வரியாகப் படித்து, நமக்காக வாதாடுவதே எம்.பி.யின் முதல் வேலை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், எந்தக் குழுவில் இருந்தீர்கள், அங்கே எங்களுக்காக என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.