கணக்கு: ஒரு சொல், பல பொருள்

“கணக்குப் போடு” என்கிறார் ஆசிரியர். “கணக்குப் பார்த்துச் சொல்” என்கிறார் கடைக்காரர். “அவன் போட்ட கணக்குத் தப்பிவிட்டது” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

சொல் ஒன்றுதான். பொருள் மூன்று. முதலாவது பாடம். இரண்டாவது வரவு செலவு. மூன்றாவது மனத்தில் போட்ட திட்டம்.

எழுத்தும் கணக்கே

கணக்கு என்றால் எண் மட்டும் அல்ல. அ முதல் ன வரை உள்ள எழுத்து வரிசைக்கு ‘நெடுங்கணக்கு’ என்று பெயர். அந்தக் காலத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் ‘கணக்காயர்’. நூலுக்கும் கணக்கு என்ற பெயர் உண்டு. திருக்குறள், பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் 18-இல் ஒன்று.

சொல் வந்த வழி

வடமொழியில் ‘கண’ என்றால் கூட்டம். ‘கணித’ என்றால் எண்ணப்பட்டது. கணிதம் என்ற சொல் இதிலிருந்து வந்தது. கணக்கு என்ற சொல்லும் இதே குடும்பம் என்பர் சிலர். அது தமிழ்ச் சொல்லே என்பர் வேறு சிலர்.

மைசூருச் சந்தையில் கன்னடம் பேசுவோர் கணக்கை ‘லெக்க’ என்பார்கள். எழுதப்பட்டது என்ற பொருள் தரும் ‘லேக்ய’ என்ற வடசொல்லிலிருந்து இது வந்தது என்பர். இங்கேயும் எழுத்தும் எண்ணும் ஒன்றுசேர்கின்றன!

மைசூருக்கு வந்த ஓலைச்சுவடி

1891-இல் மைசூரில் கீழ்த்திசை நூலகம் தொடங்கப்பட்டது. அங்கே நூலகராக இருந்தவர் ஆர். சாமசாஸ்திரி. 1905-இல் ஒரு பழைய ஓலைச்சுவடி அவர் கண்ணில் பட்டது. தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் நூலகத்துக்குக் கொடுத்த சுவடி அது. கிரந்த எழுத்தில் இருந்தது. அதுதான் அர்த்தசாஸ்திரம். சாமசாஸ்திரி அதை 1909-இல் அச்சில் வெளியிட்டார்.

அரசன் மகன் முதலில் எழுத்தும் எண்ணும் கற்க வேண்டும் என்கிறது அந்த நூல். அரசாங்கக் கணக்கைப் பற்றியும் அது விரிவாகச் சொல்கிறது. ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் கணக்கு முடிக்க வேண்டும். அதிகாரிகள் கணக்கேடுகளை முத்திரை வைத்துக் கொண்டுவர வேண்டும். வந்த இடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. கூடிப் பேசிக் கணக்கை மாற்றிவிடக் கூடாது அல்லவா?

அரசனுக்கே எழுதிய கணக்கு தேவைப்பட்டது. உழைப்பவருக்குத் தேவை இல்லையா?

நம் கணக்கு

ஒரு பெண் 1,000 ரூபாய் கடன் வாங்குகிறாள். 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி. பத்து மாதம் கழித்து, “மொத்தம் 1,300 ரூபாய் கொடு” என்கிறார் கடன் கொடுத்தவர். அவள் நோட்டில் எழுதிப் பார்க்கிறாள்.

ஒரு மாத வட்டி: 20 ரூபாய்
10 மாத வட்டி: 200 ரூபாய்
அசலும் வட்டியும்: 1,200 ரூபாய்

100 ரூபாய் அதிகம் கேட்டது தெரிந்துவிட்டது. நோட்டைக் காட்டினாள். அவரால் மறுக்க முடியவில்லை.

வாய்க் கணக்கு மறந்து போகும். எழுதிய கணக்கு நிற்கும். எழுத்தும் எண்ணும் சேர்ந்ததே கணக்கு.

பயிற்சி

1. ‘நெடுங்கணக்கு’ என்றால் என்ன?
2. அர்த்தசாஸ்திரச் சுவடி எந்த ஊர் நூலகத்தில் கிடைத்தது?
3. 2,000 ரூபாய் கடனுக்கு, 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வீதம், 6 மாத வட்டி எவ்வளவு?
4. உங்கள் வீட்டின் ஒரு வார வரவு செலவை எழுதுங்கள்.