முதல் குழந்தை சிசேரியன்; அடுத்தது எப்படி? ஊரிகத்திலிருந்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தால் அடுத்ததும் ஆபரேஷன்தான் என்று ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவிலும் சொல்வார்கள், மாரிகுப்பம் லைன் வீடுகளிலும் சொல்வார்கள். இதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின் 1916-இல் இதே கருத்தைச் சொன்னபோது, கருப்பையை மேலிருந்து கீழாக நெடுக்கே கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிளக்கும் ஆபத்து அதிகம். பின்னாளில் கிளாஸ்கோவின் மன்றோ கெர் போன்றவர்கள் கருப்பையின் அடிப்பகுதியில் குறுக்கே கீறும் முறையைப் பரப்பினார்கள். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் அப்படித்தான் நடக்கின்றன. எனவே அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யப் பலருக்கு வாய்ப்பு உண்டு. சிலருக்கு அது கூடவே கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை நான்காம் மாதத்திலேயே தொடங்குங்கள்.

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். நம் பெண்களில் பலருக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கிறது. காகிதம் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ ஏதாவது பீரோவில் கிடக்கும். தொலைந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கே ஆளனுப்பி நகல் கேளுங்கள். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை நம்பவேண்டாம். தோலில் குறுக்கே வெட்டியவர்கள் உள்ளே கருப்பையை நெடுக்கே வெட்டியிருக்கலாம். உள்ளே எந்த இடத்தில், எந்தத் திசையில் கீறினார்கள், கீறல் கிழிந்து நீண்டதா, ஏன் ஆபரேஷன் செய்தார்கள் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். டாக்டரைப் படிக்கச் சொல்லி, அவர் கருத்தைத் தாயி கார்டிலேயே (கர்ப்பகாலப் பதிவு அட்டை) எழுதி வாங்குங்கள்.

நெடுக்கு வெட்டு, ‘டி’ வடிவ வெட்டு, முன்பே கருப்பை கிழிந்த வரலாறு, இந்த முறை நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் திட்டமிட்ட ஆபரேஷன்தான். கருப்பைச் சுவரை ஆழமாக வெட்டிக் கட்டி எடுத்தவர்களும் பெரும்பாலும் இந்த வகையில் சேர்வார்கள். இரண்டு சிசேரியன் ஆனவர்களைச் சில பெரிய ஆஸ்பத்திரிகளில் தேர்ந்தெடுத்து முயற்சிக்க விடுகிறார்கள். ஊரிகத்திலிருந்து போகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒரே ஒரு குறுக்கு வெட்டு என்றால் அடுத்து காரணத்தைப் பாருங்கள். குழந்தை கால் கீழாக இருந்தது, துடிப்பு குறைந்தது போன்ற காரணங்கள் இந்த முறை திரும்ப வரவேண்டும் என்றில்லை. வலி வந்தும் கருப்பை வாய் திறக்காமல் நின்றுபோனவர்களுக்கு வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. மொத்தத்தில் முயற்சி செய்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேர் சுகப்பிரசவம் ஆகிறார்கள். முன்பு ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆனவர்களில் அது 85-ஐத் தாண்டும். முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் ஒன்றரை வருடம்கூட இடைவெளி இல்லையென்றால் தழும்பு பிளக்கும் ஆபத்து கூடுகிறது.

அந்த ஆபத்து எவ்வளவு? குறுக்குத் தழும்போடு வலி எடுப்பவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குப் பிளக்கலாம். சின்ன எண்தான், ஆனால் நடந்தால் நிமிடக்கணக்கில் வயிற்றைத் திறக்கவேண்டும். தாமதித்தால் குழந்தையின் மூளையும் தாயின் உயிரும் பறிபோகலாம். இன்னொன்று: முயற்சி பாதியில் நின்று அவசர ஆபரேஷனுக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் சிரமமானது. ரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் திட்டமிட்ட ஆபரேஷனைவிட அதில் அதிகம்.

மறுபடி ஆபரேஷன் செய்தால் அதன் விலையைப் பெரும்பாலும் அடுத்த கர்ப்பத்தில் கொடுக்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே ஒட்டல்கள் கூடும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியும் இருந்தால், ஒரு சிசேரியன் ஆனவருக்கு அது தழும்புக்குள் வேர்விடும் வாய்ப்பு 100-க்கு 11. இரண்டு ஆனவருக்கு 40. அப்படியானால் கருப்பையையே எடுக்க நேரலாம். ஆகவே இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்பதைக் கணவரோடு இப்போதே பேசிவிடுங்கள். இதுவே கடைசி, குடும்பக்கட்டுப்பாடும் செய்துகொள்வேன் என்பவருக்குத் திட்டமிட்ட ஆபரேஷன் நியாயமான தேர்வு. அதில் எந்தக் குறையும் இல்லை. மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ வேறு மாதிரி பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி இடம். நம் ஊரைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கோலார் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் சாம்பியன் ரீஃபில் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தோடு அந்தக் காலமும் முடிந்தது. இன்று ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் 30 கிலோமீட்டர் அளவில் கோலார், அங்கே எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனையும் தமகாவில் ஜாலப்பா மருத்துவமனையும் உள்ளன. ஆந்திரப் பக்கம் குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி, பெங்களூரில் வாணி விலாஸ். எங்கே போனாலும் நேரில் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா? ஆபரேஷன் தியேட்டர் உடனே திறக்குமா? என் வகை ரத்தம் கையில் இருக்குமா? வலி முழுவதும் குழந்தையின் துடிப்பை மெஷினில் பார்ப்பீர்களா? குழந்தை டாக்டர் உண்டா? “கூப்பிட்டால் வருவார்” என்ற பதில் வந்தால் சுகப்பிரசவ முயற்சிக்கு அந்த இடம் வேண்டாம். கோலாரில் உறவினர் வீடு இருந்தால் 38-ஆவது வாரத்திலேயே போய்த் தங்கிவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் பணத்தை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுமே இலவசம். மருந்து, ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாம் அதில் அடக்கம். தனியாரில் இரண்டுக்கும் தனித்தனியே எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால், வேறு சிக்கல் இல்லாதபோது 39 வாரம் முடிந்த பிறகே நாள் குறியுங்கள். ஜாதகம் பார்த்து 37-ஆவது வாரத்தில் நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. சீக்கிரம் எடுத்த குழந்தை மூச்சுத் திணறி ஐ.சி.யூ.வில் படுக்கும் வாய்ப்பு கூடும். நல்ல நேரம் வேண்டுமென்றால் 39-க்குப் பிறகு தேடலாம். அந்த நாளுக்கு முன்பே வலி வந்தால் என்ன செய்வது என்பதையும் டாக்டரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

சுகப்பிரசவ முயற்சி என்றால், வலியை வரவழைக்கும் மருந்து பற்றிப் பேசுங்கள். அது தழும்பு பிளக்கும் ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்கும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை தழும்பு உள்ளவருக்குக் கூடாது. யார் கொடுத்தாலும் “எனக்கு முன்பு சிசேரியன்” என்று சொல்லுங்கள்.

வலி தொடங்கியதும் அல்லது பனிக்குடம் உடைந்ததும் கிளம்புங்கள். வீட்டில் பொறுத்துப் பார்க்கவேண்டாம். வலிக்கு வலி இடையில் ஓயாத நோவு, ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவு என்றால் 108-ஐ அழையுங்கள். நம் வீட்டு ஆண்கள் பலர் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறார்கள். கையெழுத்துக்காக அந்த ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள். வயது வந்த பெண்ணின் சம்மதத்துக்கு அவள் கையெழுத்தே போதும். கூட வர ஒரு அக்காவையோ அத்தையையோ முன்கூட்டியே சொல்லிவைத்து, பழைய சம்மரியின் நகலையும் தாயி கார்டையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.