வான்வழி வந்த குரல்

மலைச்சாரலில் நின்று ஒருவன் கூவினால், அக்குரல் எதிர்மலையில் மோதி எதிரொலியாய் மீளும். வெறுவானை நோக்கிக் கூவினால் மீளுமோ? மீளாது. ஆயினும், இக்காலத்தில் வெட்டவெளியில் நின்று, கையில் அடங்கும் சிறு கருவியைக் கொண்டு வானை நோக்கிப் பேசுவோர் உளர். அவர்தம் பேச்சு, அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் விரைந்தோடும் ஒரு செயற்கைக்கோளை எட்டி, அங்கிருந்து இறங்கிக் கடல் கடந்த நாட்டில் நிற்பவர் செவியில் விழுகின்றது. இவ்வரிய செயலை யான் கண்ணாரக் கண்டேன், காதாரக் கேட்டேன். அதன் வாயிலாக யான் கற்ற பாடத்தை இங்குக் கூறுவேன்.

வானொலி நிலையத்தார் பேச, நாம் வீட்டிலிருந்து கேட்கிறோம். அங்கே பேசுவோர் சிலர், கேட்போர் பலர். இவ்வகையின் வேறாக, பேசுவோரும் கேட்போரும் ஒருவரே ஆகும் வானொலி ஒன்று உண்டு. அது அமெச்சூர் வானொலி எனப்படும். ஹாம் வானொலி என்பதும் அதன் பெயரே. ஊதியம் கருதாது, வாணிகம் கருதாது, அறிவு வேட்கையும் நட்புமே பயனாகக் கொண்டு அதில் ஈடுபடுவோர் உலகெங்கும் உளர். இதற்கு அரசின் உரிமம் வேண்டும். நம் நாட்டில் பன்னிரண்டு வயது நிரம்பியோர் அதற்குரிய தேர்வை எழுதலாம். உரிமம் பெற்றவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி வழங்கப்பெறும். இந்தியர் குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்னும் எழுத்துகளால் தொடங்கும். குறியைக் கேட்ட அளவிலே, பேசுபவர் எந்நாட்டவர் என்பது விளங்கிவிடும்.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், உலகின் முதற் செயற்கைக்கோளாகிய ஸ்புட்னிக் வானில் ஏறியது. அதன் ஒலிக்குறியைக் கேட்ட வானொலி அன்பர்கள், ‘நாமும் ஒரு கோளைச் செய்து விண்ணில் விடலாகாதோ?’ என்று எண்ணினர். எண்ணியவர் வாளா இருந்திலர். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் வாழ்ந்த அன்பர் சிலர் கூடி, ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள சிறு கோளொன்றைத் தம் கையாலேயே செய்து முடித்தனர். ‘ஆஸ்கார் 1’ என்பது அதன் பெயர். 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், வேறொரு பெரிய கோளை ஏற்றிச் சென்ற ஏவுகலத்தில் அதுவும் ஓர் ஓரத்தில் இடம் பெற்று விண் ஏறியது. அது பேசிய சொல் ஒன்றே ஒன்று. மோர்ஸ் குறியில் முதலில் நான்கு புள்ளி, பின்பு இரண்டு புள்ளி. ‘ஹை’ என்று நகைத்து அழைக்கும் சொல் அது. ஏறத்தாழ மூன்று வாரம் அது பேசிக்கொண்டே உலகைச் சுற்றியது. இருபத்தெட்டு நாடுகளைச் சேர்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அன்பர்கள் அதனைக் கேட்டு எழுதி அனுப்பினர்.

ஆஸ்கார் 1 பேசும். பிறர் பேசுவதைக் கேளாது. 1965-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏவப்பெற்ற ஆஸ்கார் 3, தரையிலிருந்து வரும் குரலை வாங்கி மீண்டும் தரைக்கே அனுப்பவல்லதாய் அமைந்தது. இதனால் விளைந்த நன்மை யாது? மிகுந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. உலகம் உருண்டையாதலின், அவை தொடுவானத்தைத் தாண்டியபின் தரையில் உள்ளோர்க்கு எட்டுவதில்லை. உயரத்தில் நின்று ஒருவர் அவற்றை வாங்கி அஞ்சல் செய்வாராயின், தொடுவானம் தடையாகாது. அவ்வாறு உயர நின்று உதவும் அஞ்சற்காரனே இச்செயற்கைக்கோள்.

இத்துறையில் நம் நாடும் பின்தங்கவில்லை. 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட் 1 என்னும் கோளோடு ‘ஹாம்சாட்’ என்னும் கோளும் ஏவப்பெற்றது. நாற்பத்திரண்டரைக் கிலோ எடையுள்ள அக்கோளில் அஞ்சற்கருவிகள் இரண்டு இருந்தன. ஒன்று இந்திய அன்பர்கள் செய்தது. மற்றொன்று நெதர்லாந்து நாட்டு அன்பர் ஒருவர் செய்து அளித்தது. 2014-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் வரை, ஒன்பது ஆண்டுகள், அக்கோள் பல நாட்டார்க்கும் பணி புரிந்து ஓய்ந்தது.

இனி, யான் கண்டதைச் சொல்வேன். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இவ்வானொலியில் பெருவிருப்பம் கொண்டவர். மதுரைக்கு அருகில் உள்ள ஒரு பாறைக்குன்றிற்கு ஒரு நாள் மாலை அவர் என்னை அழைத்துச் சென்றார். அவர் தோளில் ஒரு துணிப்பை. அதனுள் கையளவான வானொலிக் கருவிகள் இரண்டு. ஒன்று பேசுவதற்கு, மற்றொன்று கேட்பதற்கு. பேசும் கருவியின் ஆற்றல் ஐந்து வாட்டு. வீட்டில் எரியும் சிறு மின்விளக்கிற்குச் செல்லும் ஆற்றல் அவ்வளவே. மற்றொரு கையில், மீனின் முள்ளைப் போன்ற தோற்றமுடைய பொருளொன்று இருந்தது. பிளாஸ்டிக் குழாய் ஒன்றில், தச்சர் கைக்கொள்ளும் எஃகு அளவுநாடாவை வெட்டித் துண்டு துண்டாகப் பொருத்தியிருந்தார். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள துண்டுகள் பேச்சை அனுப்ப. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ளவை பேச்சை வாங்க.

“இதுவோ ஆன்டெனா?” என்று வினவினேன்.

“ஆம் ஐயா. 1926-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்களாகிய உடா, யாகி என்னும் இருவர் உலகிற்கு அறிவித்த அமைப்பு இது. விளக்கின் பின்னே வைத்த கண்ணாடி ஒளியை ஒரு பக்கமாகத் திருப்புவது போல, இது அலையை ஒரு திசையில் குவிக்கும்” என்றார் அவர்.

அன்று அவர் நாடிய கோள், 2002-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஏவப்பெற்ற ‘எஸ்.ஓ. 50’ என்பது. அது சவூதி அரேபிய நாட்டார் செய்தது. அக்கோள் 145.850 மெகாஹெர்ட்சில் கேட்கும், 436.795 மெகாஹெர்ட்சில் பேசும். அதன் குரலின் ஆற்றலோ கால் வாட்டே. மின்சேமிப்பின் பொருட்டு அக்கோள் துயின்றிருக்கும். உரிய தொனி ஒன்றை அனுப்பினால் விழித்துப் பத்து நிமிடம் பணி செய்யும். ஒருவர் எழுப்பினால், அது எல்லார்க்கும் விழித்ததாகும். ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு குரலையே அதனால் ஏந்த இயலும். இருவர் ஒருங்கே பேசினால், வலிய குரல் மெலிய குரலை விழுங்கிவிடும்.

நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் விரைவில் ஓடும் அக்கோள், வடக்கே எழுந்து கிழக்கு வானின் வழியாகச் சென்று தென்கிழக்கில் மறையும் என்று மாணவர் முன்னரே கணித்திருந்தார். ஒருமுறை எழுந்து மறையும் காலம் பத்துப் பன்னிரண்டு நிமிடமே. விரைந்து வரும் புகைவண்டியின் ஊதல், நம்மை நெருங்குங்கால் உயர்ந்தும் கடந்தபின் தாழ்ந்தும் ஒலிப்பதை நீங்கள் அறிவீர்கள். 1842-ஆம் ஆண்டில் டாப்ளர் என்னும் அறிஞர் விளக்கிய இயல்பு அது. கோளின் அலைக்கும் அவ்வியல்பு உண்டு. ஆதலின், அது எழும்போது 436.805-இல் கேட்கத் தொடங்கி, மறையும்போது 436.785 வரை கருவியின் குமிழைச் சிறிது சிறிதாகத் தாழ்த்திக்கொண்டே வரல் வேண்டும்.

அவரிடம் காதிற் பொருத்தும் கருவி ஒன்றே இருந்தது. ஆசிரியன் என்னும் அன்பினால் அதனை எனக்கு அளித்து, குமிழைத் திருப்பும் பணியையும் என்னிடமே ஒப்புவித்தார். குறித்த நேரம் வந்தது. காதில் இரைச்சல் அடங்கிற்று. மனிதக் குரல்கள் எழுந்தன. என் உடல் சிலிர்த்தது. மாணவரோ ஆர்வ மிகுதியால் தம் குறியைக் கூறி அழைத்தார், மீண்டும் அழைத்தார், இடைவிடாது அழைத்தார். “விடை வந்ததா ஐயா?” என்று நொடிக்கொருமுறை வினவினார். பத்து நிமிடம் கழிந்தது. கோள் மறைந்தது. ஒருவரும் அவருக்கு விடை கூறிலர்.

அவர் முகம் வாடிற்று. “கருவியில் ஏதோ குறை போலும்” என்றார்.

“தம்பி, கருவியில் குறை இல்லை. உன் குரல் வானிலிருந்து தெளிவாக இறங்கி வந்ததை யான் கேட்டேன். ஆனால் மற்றொன்றும் கேட்டேன். மிக மெலிந்த குரலில் ஒருவர் மும்முறை அழைத்தார். அவர் தொடங்கும்போதெல்லாம் உன் குரல் எழுந்து அவர் குரலை மூடிவிட்டது. அவர் உனக்கே விடை கூறினாரோ, பிறரை அழைத்தாரோ, அறியேன். ‘எச்.எஸ்.’ என்னும் இரண்டு எழுத்து மட்டுமே என் காதில் பட்டது” என்றேன்.

அவர் திடுக்கிட்டார். “எச்.எஸ். என்பது தாய்லாந்து நாட்டுக் குறி, ஐயா! யான் தாய்லாந்தோடு இன்றளவும் பேசியதில்லை. என் முன்னே வந்தவரை யானே துரத்திவிட்டேனே!” என்று வருந்தினார். சற்று நேரம் பேசாதிருந்து, “அவர் மெலிந்த கருவியோடு எவ்வளவு நேரம் முயன்றாரோ!” என்றார். தாம் இழந்ததை எண்ணி வருந்தியவர், பிறர் இழந்ததையும் எண்ணி வருந்தியது எனக்கு மகிழ்வளித்தது.

மறுநாள் மாலையும் அக்குன்றின்மேல் நின்றோம். இம்முறை ஒரு கருவியிலிருந்து இருவர் கேட்கும் இணைப்பொன்றை அவர் கொணர்ந்திருந்தார். கோள் எழுந்தது. அவர் வாய் திறக்கவில்லை. ஆன்டெனாவைக் கோளின் வழியே மெல்லத் திருப்பினார். மணிக்கட்டைச் சற்றே சுழற்றி, குரல் எந்நிலையில் தெளிகிறது என்று பார்த்தார். இருவர் பேசி முடித்தனர். சிறு இடைவெளி. அப்போது நேற்றைய மெலிந்த குரல் மீண்டும் எழுந்தது. அவர் அதனை முழுதும் கேட்டார். அது முடிந்தபின், அந்தக் குறியை ஒருமுறை சொல்லி, தம் குறியைச் சொல்லி, “ஐந்து ஒன்பது; எம்.ஜே. 99” என்று கூறி நிறுத்தினார்.

ஐந்து ஒன்பது என்பது, ‘தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது’ எனப் பொருள்படும் குறி. உலகப் பரப்பை முப்பத்தீராயிரத்து நானூறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு குறியிட்டுள்ளனர். மதுரை அமைந்த கட்டம் எம்.ஜே. 99. இவ்விரண்டையும் இருவரும் மாற்றிக்கொண்டால் தொடர்பு நிறைவுறும்.

உடனே விடை வந்தது: “ஐந்து ஒன்பது, ஓ.கே. 03.” ‘ஓ.கே.’ என்றதனால், அவர் சரி என்கிறார் போலும் என்று யான் எண்ணினேன். “அன்று ஐயா, பாங்காக் நகரம் அமைந்த கட்டத்தின் குறியே அது” என்று பின்னர் மாணவர் சொல்லிச் சிரித்தார். நன்றி கூறி இருவரும் விலகினர். எல்லாம் அரை நிமிடத்திற்குள் முடிந்தது. இடையே இருந்த தொலைவோ, ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். கோள் மறையும் வரை எஞ்சிய நேரத்தில் அவர் மீண்டும் பேசவில்லை. “பிறர் காத்திருப்பர் ஐயா” என்பதே அவர் சொன்ன காரணம்.

இப்பயிற்சி பொழுதுபோக்கு மட்டுமோ? அன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமான் தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. அமெச்சூர் வானொலிப் பணிக்காக அப்போது போர்ட் பிளேர் நகருக்குச் சென்றிருந்த இந்திய அன்பர் குழுவினர், தம் கருவிகளைத் துயர்நீக்கும் பணிக்குத் திருப்பினர். ‘இன்னார் உயிரோடு உளர்’ என்னும் செய்தியை ஏங்கி நின்ற சுற்றத்தார்க்கு எட்டச் செய்தனர். அவர்கள் பயன்கொண்டது செயற்கைக்கோளை அன்று. தரையில் அமைத்த வானொலி நிலையத்தையே. ஆயினும் கருவியைச் சுமந்து செல்லவும், சிறிய ஆற்றலால் பெருந்தொலைவை எட்டவும், சுருங்கப் பேசவும், மெலிந்த குரலைக் கூர்ந்து கேட்கவும் அவர்கள் முன்னரே பழகியிருந்தனர். இடர் வந்த நாளில் அப்பழக்கமே கைகொடுத்தது. அத்தகைய நாளில், நாம் மூடிவிடும் மெலிந்த குரல் உயிர்காக்க வேண்டும் குரலாகவும் இருக்கக்கூடும் அன்றோ?

மாணவர்களே! கால் வாட்டு ஆற்றலுடைய அக்கோள், வலியார் மெலியார் என்று பாராது எல்லார்க்கும் பொதுவாய் வானில் ஓடுகின்றது. அதன் பத்து நிமிடம் ஒருவர்க்கு உரியதன்று. முதலிற் கேட்பவர்க்கே அங்கு விடை கிடைக்கும். சுருங்கச் சொல்பவரே அங்குப் பிறர்க்கு இடம் தருபவர். இஃது அவ்வானொலிக்கு மட்டும் உரிய முறையோ? வகுப்பிலும், அவையிலும், வீட்டிலும் நாம் கொள்ளத்தக்க முறையும் இதுவே. வாய் ஒன்றாகவும் செவி இரண்டாகவும் பெற்ற நாம், அவ்வளவின்படி அவற்றைப் பயன்கொள்வோமாக.