பேஸ் கிற்றாரின் இரைச்சலும் ஒரு துண்டு வயரும்

மலிவான பேஸ் கிற்றார் ஒன்று கைக்கு வந்தால், "பிக்கப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்றே பலரும் எண்ணுவர். நானும் அப்படித்தான் எண்ணினேன். என்னிடமிருந்த பழைய கிற்றாரில் ஓயாத இரைச்சல். காசு சேர்த்துப் புதிய பிக்கப் வாங்கிப் பூட்டினேன். இரைச்சல் போகவில்லை. பிறகு பார்த்தால், தந்திகளைத் தாங்கும் பிறிட்ஜின் அடியிலிருந்து வரும் மெல்லிய வயர் விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றாசு வைத்துப் பொருத்த ஐந்து நிமிடமும் ஆகவில்லை. ஆகவே காசு செலவில்லாத வேலைகளை முதலில் பார்ப்போம்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளுமே. உருக்குத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் சிறிய மின் சைகை பிறக்கும். 1951இல் பெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒரே சுருள்தான்; வெளியிலுள்ள மின் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடிக்கும். 1957இல் அதை இரண்டு துண்டாக்கி, எதிரெதிராக அமைத்தார்கள். ஒரு துண்டு பிடிக்கும் இரைச்சலை மற்றது அழித்துவிடும். மலிவான பேஸ்களிற் பல இதன் பிரதிகளே. அத்தகைய கிற்றார் இரைந்தால், பிக்கப்பைக் குறை சொல்லுமுன் வயர்களைப் பாருங்கள்.

தந்திகளைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிறிட்ஜ் வயர் நன்றாக உள்ளது. மாற்றமே இல்லையானால் அது விட்டுப்போயிருக்கலாம். ஆனால் ஒன்று: இந்த வயர் தந்திகளை அம்பிளிபயரின் உடலோடு இணைக்கிறது. புவி இணைப்பு இல்லாத, அல்லது செருகியின் மூன்றாம் முனையை வெட்டிவிட்ட அம்பிளிபயரில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. 1972இல் ஸ்கொட்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ் ஹாவி, கை தந்தியில் இருக்க, புவி இணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். ஜெனரேற்றரில் நடக்கும் நிகழ்ச்சிகளில் இதை இருமடங்கு கவனியுங்கள்.

அடுத்தது உயரம். தந்தியைக் கடைசிக் கட்டையில் அழுத்திப் பிடியுங்கள். தந்திக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையே மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீற்றரும், தடித்த தந்திப் பக்கம் 3 மில்லிமீற்றரும் இருந்தாற் போதும். மிக அருகே வந்தால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். திருப்புளி ஒன்றே இதற்கு வேண்டும்.

வொல்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், மின் தொடுகைகளுக்கான கிளீனரைச் சிறிது தெளித்து இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியை வாரிப் பிடித்துக்கொள்ளும். திருந்தாவிட்டால் 250 கிலோ ஓம் மாறுந்தடையி ஒன்றைப் பூட்டலாம். ரோன் குமிழில் உள்ள கொள்ளளவி வழக்கமாக 0.047 மைக்குறோபரட். பழுதான வானொலிப் பலகையில் 473 என்று எழுதியிருப்பதும் அதே அளவுதான்; கழற்றிப் பாவிக்கலாம். 104 என்றிருப்பதைப் போட்டால், குமிழைக் குறைக்கும்போது ஒலி இன்னும் அடங்கிக் கனக்கும். விலை உயர்ந்த கொள்ளளவி என்று சொல்லி விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இவ்வளவும் செய்தும் ஒலி வராவிட்டால் மட்டுமே பிக்கப்பின் வயர்களைக் கழற்றி மீற்றரால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 10 கிலோ ஓம் காட்டினால் சுருள் உயிரோடுதான் இருக்கிறது. மீற்றர் அசையவே இல்லையானால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அப்போது புதியதை வாங்குங்கள்.