இடைவிட்ட பயிற்சி

போர்க்கலை யாதானுமொன்றைச் சில ஆண்டு பழகிப் பின்னர்ப் படிப்பு, பிணி, தொழில் முதலிய காரணங்களால் கைவிட்டவர், மீண்டும் அதனைத் தொடங்குங்கால் எவற்றை இழந்திருப்பர், எவை அவரிடம் எஞ்சியிருக்கும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். எல்லாம் போயிற்றென அஞ்சுவாரும் உளர்; ஒன்றும் போகவில்லையெனத் துணிவாரும் உளர். பின்னவரே பெரிதும் துன்புறுவர்.

முதற்கண் குறைவது மூச்சு. பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே குருதியின் நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் செலுத்தும் குருதியின் அளவு தாழ்கின்றது. தசையின் வன்மை அதனினும் மெல்லவே குறையும். கையும் காலும் கற்ற நெறியோ மூளையிற் பதிந்து பல்லாண்டு நிற்கும். ஆதலின் மீண்டு வந்தவனுக்கு அடிமுறை நினைவிருக்கும். அதற்கு வேண்டிய மூச்சு இராது. மேலும், மறுபடி பழகுங்கால் தசை விரைந்து தேறும். அதனை எலும்போடு பிணைக்கும் தசைநாண் பிந்தியே தேறும். அவ்விடைக்காலத்தில் அவனைப் பழைய தோழருடன் மோதவிடும் ஆசிரியர், அவன் திறமையைக் கண்டு மயங்குகின்றனர் என்பதே எமது கருத்து. புதியோர் வரிசையில் நிற்க அவன் நாணுவான். நாணினும் நிறுத்தல் வேண்டும்.

குத்துச்சண்டை வீரர் இருவரை நோக்குவாம். முகம்மது அலி, அமெரிக்கப் படையிற் சேர மறுத்தமையால் 1967இல் பட்டமும் உரிமமும் இழந்து, 1970 அக்டோபரில் மீண்டும் களம் புகுந்தார். இரண்டே போட்டிகளின் பின், ஐந்து மாதமும் நிரம்பாமுன், 1971 மார்ச்சில் ஜோ பிரேசியரை எதிர்த்துத் தோற்றார். கை பழைய கையே. கால்கள் முன்போல் ஆடவில்லை. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் போர்மனை அவர் வென்றதும், பெரும்பாலும் கயிற்றிற் சாய்ந்து, எதிரியின் வலிமை தீருமளவும் அடிகளைத் தாங்கியே. இம்முறையை நாம் எவர்க்கும் பரிந்துரையோம்.

அன்று தோற்ற போர்மன் 1977இல் களத்தை நீத்துச் சமயப்பணி மேற்கொண்டார். ஹூஸ்டனில் தாம் நடாத்திய இளைஞர் நிலையத்திற்குப் பொருள் வேண்டி, 1987இல் 38ஆம் வயதில், மிகப் பருத்த உடலோடு மீண்டார். பலர் நகைத்தனர். அவரோ பட்டத்தை உடனே நாடாது, நான்காண்டு காலம் பெரும்பாலும் சிறிய எதிரிகளோடு இருபதுக்கு மேற்பட்ட போட்டிகள் ஆடினார். 1991இல் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் புள்ளிக்கணக்கிலேயே தோற்றார். 12 சுற்றும் நின்றமையே அந்நான்காண்டின் பயன். 1994 நவம்பரில் மைக்கேல் மூரரை எதிர்த்தபோது மிகுதியாக ஓடியாடாமல், ஒன்பது சுற்றும் புள்ளியிற் பின்தங்கியிருந்து, பத்தாம் சுற்றில் வலக்கையால் வீழ்த்திப் பட்டம் பெற்றார். அப்போது மூரருக்கு வயது 26, அவருக்கு 45.