தறி நின்றும் நிற்காத இரைச்சல்

கேள்வி: சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு, வேலை முடிந்த பின்னும் காதில் ‘ஙொய்’ என்று கேட்பது ஏன்?

பதில்: வெளியே ஒலி இல்லாதபோதும் கேட்கும் இந்த ஓசைக்குக் காதிரைச்சல் என்று பெயர். உள்காதின் நத்தைச் சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. தறிக்கூடத்தின் இரைச்சல் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். ஆண்டுக்கணக்கில் அதில் நின்றால், கீச்சொலிகளை உணரும் செல்கள் முதலில் அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து சேதி வராததால் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. ராத்திரி அமைதியில் கேட்பது அப்படிக் கூட்டியதால் எழும் வெற்று இரைச்சல்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. வீட்டோடு ஒட்டிய நாலு தறிக் கொட்டகையில் அதை அளப்பவர் யார்? பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊரில் பலரும் காதில் பஞ்சைத்தான் அடைக்கிறார்கள்; அது தடுப்பது மிகக் குறைவு. நுரையாலான காதடைப்பானைச் சுருட்டி ஆழமாகச் செருகினால் 20 டெசிபல் வரை குறையும்.

இரைச்சலை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. காது கேட்கும் கருவியும் மெல்லிய பின்னணி ஒலியும் தொந்தரவைத் தணிக்கும். ஒரே காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.